பள்ளித் தாக்குதல்கள்: முன்பே தெரிந்திருந்த பிள்ளைகள்

12 ஜூன் 2025 – வாசகர் ஒருவரின் கேள்வி

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் நேற்று முன்தினம் ஒரு பழைய மாணவன் தான் படித்த பள்ளிக்குள் புகுந்து பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றிருக்கிறான். துப்பாக்கி கடையில் கிடைக்கும் நாடுகளின் நோய் இது. இங்கே உரிமம் வாங்குவதே பெரும்பாடு. ஆகவே இது நம் கவலை அல்ல என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதவும்.

12 ஜூன், இரவு

மறுக்கிறேன். ஆனால் கேள்வியில் சரியாக உள்ள பாதியை முதலில் சொல்லிவிட வேண்டும். 2012 டிசம்பர் 14 அன்று, ஒரே நாளில், உலகின் இரு மூலைகளில் இரண்டு தொடக்கப் பள்ளிகள் தாக்கப்பட்டன. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒரு கிராமப் பள்ளியில் ஒருவர் கத்தியால் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளை வெட்டினார். ஒரு குழந்தையும் சாகவில்லை. அமெரிக்காவின் நியூடவுனில் சாண்டி ஹூக் பள்ளிக்குள் துப்பாக்கியோடு நுழைந்த இருபது வயது இளைஞன் 20 குழந்தைகளையும் பெரியவர்கள் 6 பேரையும் கொன்றான். ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் 1996 மார்ச்சில் 16 குழந்தைகளும் அவர்களுடைய ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு, தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பதை பிரிட்டன் அடுத்த ஆண்டே தடைசெய்தது. அதற்குப் பின் அந்த நாட்டில் ஒரு பள்ளியிலும் அப்படியொரு படுகொலை நடக்கவில்லை. சாவின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கையில் இருக்கும் ஆயுதம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் எண்ணம் எங்கிருந்து வருகிறது? 2012 பிப்ரவரி 9 அன்று, பாரிமுனை ஆர்மேனியன் தெருவில் உள்ள ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். 2007 டிசம்பரில் குர்கானில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர், வீட்டிலிருந்து எடுத்துவந்த துப்பாக்கியால் வகுப்புத் தோழனைச் சுட்டுக் கொன்றார்கள். இவை எண்ணிக்கையில் சிறியவை என்பதால் நம் கவலை அல்ல என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

13 ஜூன்

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறார்கள். ஆர்மேனியன் தெருவில் அது நடந்தபோது நான் வடசென்னையில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மாணவனின் டைரியில் ஆசிரியை எழுதிய குறிப்புகளைப் பற்றிய செய்தி வந்த மறுநாள், எங்கள் ஆசிரியர் அறையில் சிவப்புப் பேனாவை ஒருவரும் எடுக்கவில்லை. “பெற்றோர் கையொப்பம் பெற்று வரவும்” என்று எழுதுவதற்குக்கூட நீல மைக்கு மாறினோம். மையின் நிறத்தை மாற்றினால் போதும் என்று நினைத்த அளவுக்குத்தான் எங்களுக்கு அப்போது விவரம் இருந்தது.

அடுத்த மாதம் ஒரு நாள், மதிய இடைவேளையில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் என் பின்னாலேயே மாடிப்படி வரை வந்தான். பாதிப் படியில் நின்று, “மிஸ், அவன் பையைப் பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். எவன் என்று அவன் சொல்லவில்லை; சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்தப் பையைத் திறந்தேன். மேலே கிராஃப் நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ், ஒரு சாப்பாட்டு டப்பா. அடியில் நாளிதழில் சுற்றிய மீன் வெட்டும் கத்தி. மரக் கைப்பிடி வழுக்காமலிருக்க நீல நைலான் நூல் வரிந்து சுற்றியிருந்தது. காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவின் கத்தி அது. கழுவிக் கொண்டுவந்திருந்தும் நாளிதழில் மீன் வாடை இருந்தது. யாருக்காக என்று கேட்டபோது எங்கள் ஆசிரியர் ஒருவரின் பெயரைச் சொன்னான். முந்தின வாரம் காலை வழிபாட்டில், முடி வெட்டிவரவில்லை என்பதற்காக, எல்லோருக்கும் முன்னால் அவன் நெற்றி முடியில் ஒரு கொத்தை அந்த ஆசிரியர் கத்தரித்திருந்தார். அந்த இடம் வெறுமையாகத் தெரியாமலிருக்க அவன் ஒரு வாரமாகப் பக்கவாட்டு முடியை இழுத்து இழுத்துச் சீவிக்கொண்டிருந்தான். நான் அதைப் பார்த்தும் இருந்தேன்.

கத்தியை வாங்கிவிட்டோம். யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. ஒரு பிள்ளை வாய் திறந்ததால் ஓர் உயிர் தப்பியது என்று பணி ஓய்வு பெறும் வரை நான் பயிற்சி வகுப்புகளில் சொல்லிவந்திருக்கிறேன்.

15 ஜூன்

ஆகவே என் வாதம் இது: பள்ளியைத் தாக்குகிறவர்கள் எல்லோரும் பள்ளியில் அவமானப்பட்டவர்கள். வீட்டில் படும் அடிக்கு நான்கு சுவர் மறைவு உண்டு. பள்ளியில் படும் அவமானத்தை அறுபது பேர் பார்க்கிறார்கள். மறுநாள் காலையில் அதே அறுபது பேர் முன் போய் உட்கார வேண்டும்.

16 ஜூன்

வீடியோ விளையாட்டும் திரைப்படமும்தான் காரணம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கப் பள்ளித் தாக்குதல்களில் மிகப் பெரிய சாவுக் கணக்கு 1927 மே 18 அன்று மிச்சிகன் மாநிலத்தின் பாத் ஊரில் நேர்ந்தது. 45 பேர் இறந்தார்கள். செய்தவர் 55 வயது விவசாயி, அந்தப் பள்ளி நிர்வாகக் குழுவின் பொருளாளர். பள்ளிக்காக விதிக்கப்பட்ட சொத்து வரியின் மீது அவருக்குத் தீராத கோபம் இருந்தது. உள்ளூர்த் தேர்தலிலும் தோற்றிருந்தார். பராமரிப்பு வேலை என்று சொல்லிப் பல மாதங்கள் பள்ளிக் கட்டடத்தின் அடியில் வெடிமருந்தைச் சேர்த்துவைத்தார். அந்தக் காலத்தில் வீடியோ விளையாட்டு இல்லை. திரைப்படத்துக்கு இன்னும் வாயே வரவில்லை.

20 ஜூன்

இரண்டு திருத்தங்கள் செய்ய வேண்டியிருக்கிறது.

முதலாவது சிறியது. பாத் ஊரில் இறந்தவர்கள் 45 என்று நான் எழுதிய கணக்கில் தாக்கியவரும் சேர்ந்திருக்கிறார். அவரைக் கழித்தால் 44. அவர்களில் 38 பேர் பள்ளிக் குழந்தைகள். கொன்றவரைக் கொல்லப்பட்டவர்களோடு சேர்த்து எண்ணியது கணக்காசிரியைக்கு அழகல்ல.

இரண்டாவது பெரியது. “எல்லோரும் அவமானப்பட்டவர்கள்” என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அமெரிக்க ரகசியப் பாதுகாப்புச் சேவையும் கல்வித் துறையும் சேர்ந்து 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002-இல் அறிக்கை வெளியிட்டன. தாக்கிய 41 பேரில் பிறரால் துன்புறுத்தப்பட்டதாக உணர்ந்தவர்கள் 71 விழுக்காடு. மீதிப் பேருக்கு அந்தக் காரணத்தைப் பொருத்த முடியாது. இப்படிப்பட்டவன்தான் தாக்குவான் என்று சொல்லத்தக்க ஒரே மாதிரியான ஆள் இல்லை என்பதுதான் அந்த அறிக்கையின் முடிவு. நன்றாகப் படித்தவன், மோசமாகப் படித்தவன், நண்பர்கள் சூழ இருந்தவன், தனித்திருந்தவன் என்று எல்லோரும் அதில் இருக்கிறார்கள். 1999 ஏப்ரல் 20 அன்று 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்ட கொலம்பைன் பள்ளியைப் பற்றி, கேலிக்கு ஆளான இரு தனியர்கள் பழிவாங்கினார்கள் என்று முதல் நாட்களில் எழுதப்பட்டதும் நிலைக்கவில்லை. அந்த இருவருக்கும் நண்பர்கள் இருந்தார்கள். உணவுக்கூடத்தில் அவர்கள் வைத்த குண்டுகள் வெடிக்காமல் போயின. வெடித்திருந்தால் கேலி செய்தவன், செய்யாதவன் என்று பாராமல் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்திருப்பார்கள்.

அதே அறிக்கையில் வேறொரு எண் என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. 81 விழுக்காடு நிகழ்வுகளில், தாக்குபவன் என்ன நினைத்திருக்கிறான் அல்லது என்ன திட்டமிடுகிறான் என்பது இன்னொருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. அந்த இன்னொருவர் பெரும்பாலும் இன்னொரு மாணவன்.

21 ஜூன்

துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. கிராஸுக்குப் பிறகு, சில வகைத் துப்பாக்கிகளை வாங்கும் வயதை 21-இலிருந்து 25 ஆக உயர்த்தப்போவதாக ஆஸ்திரிய அரசு அறிவித்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் மேற்சொன்ன அறிக்கையின்படி தாக்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆயுதத்தைத் தம் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோதான் எடுத்தார்கள். மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று நான்கு மாணவர்களைக் கொன்ற பதினைந்து வயதுப் பையனுக்கு அந்தத் துப்பாக்கியை வாங்கித் தந்தது அப்பா. அன்று காலையிலேயே அவன் வரைந்திருந்த ஒரு படத்தைக் கண்டு பள்ளி பெற்றோரை அழைத்தது. வீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னது. அவர்கள் அழைத்துப் போகவில்லை. பையை யாரும் திறந்து பார்க்கவும் இல்லை. 2024-இல் தாய், தந்தை இருவருக்குமே சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

பையை யாரும் திறந்து பார்க்கவில்லை என்ற இடத்தில் நான் வெகுநேரம் நின்றேன்.

24 ஜூன்

முல்லைத்தீவிலிருந்து வந்து வளசரவாக்கத்தில் இருக்கும் ஒருவர், “செஞ்சோலையைப் பற்றி ஏன் ஒருவரும் பேசவில்லை?” என்று கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி. 2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனத்தில் பள்ளி மாணவிகள் தங்கியிருந்த செஞ்சோலை வளாகத்தின் மீது இலங்கை விமானப்படை குண்டு வீசியதை மறக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. 2004 செப்டம்பரில் ரஷ்யாவின் பெஸ்லானில் பள்ளி திறந்த முதல் நாளில் பிணை பிடிக்கப்பட்டு 330-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததையும், அவர்களில் 186 பேர் குழந்தைகள் என்பதையும், 2014 டிசம்பர் 16 அன்று பெஷாவர் ராணுவப் பள்ளியில் 130-க்கும் மேற்பட்ட மாணவர்கள் கொல்லப்பட்டதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓர் ஊரின் எல்லா வீடுகளையும் ஒரே நேரத்தில் அழவைக்க வேண்டுமென்றால் பள்ளியைத் தாக்கினால் போதும் என்று அங்கே ஆயுதம் ஏந்தியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அது போரின், அரசியலின் வன்முறை. நான் இங்கே தொடர நினைப்பது, உள்ளே படித்த பிள்ளையே திரும்பி வந்து தாக்குவதைப் பற்றி. இரண்டையும் ஒரே காரணத்தில் அடைத்தால் இரண்டுக்கும் அநீதி செய்தவளாவேன்.

1 ஜூலை

கத்தி கொண்டுவந்த பையன் என்ன ஆனான் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் 13-ஆம் தேதிக் குறிப்பில் அதை எழுதவில்லை. டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டோம். எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது; அவன் ஒன்பதாம் வகுப்பு என்பதால் சட்டம் எங்களைத் தடுக்கவில்லை. முழு ஆண்டுத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. அவன் அம்மா தலைமையாசிரியர் அறை வாசலில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்ற காட்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முடியைக் கத்தரித்த ஆசிரியரிடம் ஒரு விளக்கமும் கேட்கப்படவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை.

ஜெர்மனியின் எர்ஃபுர்ட்டைப் பற்றிப் படித்தபோது இது நினைவுக்கு வந்தது. 2002 ஏப்ரல் 26 அன்று அங்கே 16 பேரைக் கொன்ற பத்தொன்பது வயதுப் பையனைச் சில மாதங்களுக்கு முன் பள்ளி நீக்கியிருந்தது. அந்த மாநிலத்தின் அன்றைய விதிப்படி, மேல்நிலைப் பள்ளியின் இறுதித் தேர்வை எழுதாமல் வெளியேறுகிறவனுக்கு அதுவரை படித்ததற்கான சான்றிதழ் எதுவும் கிடையாது. பன்னிரண்டு ஆண்டு படித்தவன் வெறுங்கையோடு வெளியே நின்றான். தான் நீக்கப்பட்டதை வீட்டில் சொல்லாமல், தினமும் பள்ளிக்குப் போவதுபோல் கிளம்பிப் போனான். அவன் செய்த கொலைகளுக்கு இது நியாயமாகாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த மாநிலம் விதியை மாற்றியது. பத்தாம் வகுப்பு முடிவிலேயே ஒரு தேர்வு வைத்து இடைநிலைச் சான்றிதழ் கிடைக்க வழி செய்தது. துப்பாக்கிச் சட்டத்தோடு தேர்வு விதியையும் எடுத்துப் பார்த்தார்களே, அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

2 ஜூலை

கொன்றவர்களின் பெயரை நான் ஏன் எழுதுவதில்லை என்று கேட்பவருக்கு: கொலம்பைனில் சுட்ட இருவரின் பெயரும் படமும் உலகம் முழுக்கப் பரவி, பின்னால் வந்த பலர் அவர்களை முன்மாதிரியாகக் கொண்டார்கள். 2019-இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் கொன்றவனின் பெயரை உச்சரிக்க மாட்டேன் என்று நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். நானும் அதையே பின்பற்றுகிறேன்.

9 ஜூலை

“தெரிந்த பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை? தைரியம் இல்லை, அவ்வளவுதான்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஆறிய பிறகு எழுதுகிறேன்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பட்டியல் சாதி மாணவன், சக மாணவர்களின் தொந்தரவு தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டது. சொன்னான். யார் என்றும் சொன்னான். பள்ளி அந்த மாணவர்களை விசாரித்தது. அன்றிரவே அவர்கள் வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அடுத்த ஆண்டு அவன் பொதுத்தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் வாங்கினான் என்பதை நாம் எல்லோரும் கொண்டாடினோம். ஆனால் அவன் செய்தது பள்ளி சொல்லச் சொன்னதைச் சொன்னதுதான். அவன் வாயிலிருந்து வந்த பெயர்கள் பள்ளியிலிருந்து எப்படிக் கசிந்தன, அந்த மாலையில் அவன் வீட்டுக்கு யாராவது காவலுக்குப் போனார்களா என்பதல்லவா கேட்கப்பட வேண்டியது?

அதை ஒட்டி நியமிக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு 2024 ஜூனில் அறிக்கை தந்தார். சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகள், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளம் ஆகியவற்றை நீக்குவது பற்றி ஊடகங்கள் நிறையப் பேசின. பெரிய பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்ற பரிந்துரையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அதுதான் முதலில் நிறைவேற வேண்டியது. பாடம் எடுக்காத, மதிப்பெண் போடாத, டி.சி. எழுதாத ஒரு பெரியவர் பள்ளிக்குள் இருக்க வேண்டும்.

14 ஜூலை

பள்ளிதோறும் காவலர் வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாக. டெக்சஸின் யுவால்டியில் 2022 மே 24 அன்று 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டபோது, 370-க்கும் மேற்பட்ட காவலர்கள் வந்து சேர்ந்தும் வகுப்பறைக்குள் நுழைய 70 நிமிடங்களுக்கு மேல் ஆனது. நம் ஊரில் 2008 நவம்பர் 12 அன்று அம்பேத்கர் சட்டக் கல்லூரியில் மாணவர்களை மாணவர்கள் கட்டையால் அடித்து வீழ்த்தியபோது, காவலர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வாசலில் சீருடை நிற்பதால் உள்ளே இருப்பவனுக்குக் காப்பு என்று நம்ப எனக்கு முடியவில்லை. நடக்கவிருந்து தடுக்கப்பட்ட 67 தாக்குதல் திட்டங்களை, நான் முன்பு சொன்ன அதே அமெரிக்க ரகசியப் பாதுகாப்புச் சேவை 2021-இல் ஆராய்ந்தது. பெரும்பாலானவை வெளியே வந்தது சக மாணவர்கள் சொன்னதால்.

27 ஜூலை

13 ஜூன் குறிப்பைத் திருத்த வேண்டும். அதில் எழுதிய ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

வியாழக்கிழமை மாலை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் பைக்கை நிறுத்தியிருந்த இளைஞர் ஹெல்மெட்டைக் கழற்றி, “மிஸ், என்னைத் தெரியுதா?” என்றார். படிக்கட்டில் என் பின்னால் வந்த பையன். இப்போது துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்குக் கணக்கு எழுதுகிறார். சரக்கு ரயில் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. கேட் திறக்க நேரமானது. ஒரு மாதமாக அவரைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். நல்லது செய்தாய் என்று இத்தனை வருடம் கழித்தாவது சொல்ல வேண்டுமென்று நினைத்தேன், சொன்னேன்.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அதுக்கப்புறம் பத்தாவது முடியற வரைக்கும் என் பக்கத்துல யாரும் உட்காரலை மிஸ்” என்றார்.

உன் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லையே என்றேன். சத்தியமாகச் சொல்லவில்லை.

“பேர் சொல்லலை. ஆனா அன்னைக்கு என்னை மூணு தடவை ஹெச்.எம். ரூமுக்குக் கூப்பிட்டு அனுப்பினீங்க. பியூன் கிளாசுக்குள்ள வந்து என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாரு.”

எனக்கு அது நினைவிலேயே இல்லை. இப்போது நினைவிருக்கிறது. எழுதி வாங்க ஒரு முறை, கையெழுத்துக்கு ஒரு முறை, தலைமையாசிரியர் தானே கேட்க வேண்டும் என்று சொன்னதால் ஒரு முறை.

பத்தாம் வகுப்பில் இன்னொரு பையன் தண்டையார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் ஒரு சின்னப் பையனின் கையை பிளேடால் கிழித்தானே, அது இரண்டு நாள் முன்பே தனக்குத் தெரியும் என்றார். எட்டுத் தையல் போட்ட அந்தக் கையை மருத்துவமனையில் நான் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. டி.சி. வாங்கிப் போனவனைப் பற்றிக் கேட்டேன். விசைப்படகில் போகிறான், கொச்சி பக்கம் கடலில் இருக்கிறான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவான் என்றார்.

கேட் ஏறத் தொடங்கியது. பின்னால் ஹாரன் சத்தம். நான் எப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. பலமுறை யோசித்து வைத்திருந்தவர்போல் சொன்னார்.

“நோட்டு திருத்தும்போது ஒவ்வொருத்தரா உங்க டேபிளுக்குக் கூப்பிடுவீங்கல்ல மிஸ். எல்லாரும் வருவாங்க, எல்லாருகிட்டயும் மெதுவா ஏதாவது சொல்லுவீங்க. அப்போ கேட்டிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”